உங்க தப்புதான் சார்!

வீட்டில் திருட்டுப் போனால் ஊரே வந்து கேட்கிற முதல் கேள்வி, ‘என்னென்ன போச்சு?’ என்பதுதான். பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவரைப் பார்த்தால் பக்கத்து சீட்காரர்கூடப் பரிதாபப்பட்டு டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். ஆனால், கம்ப்யூட்டர் வழியாகவோ செல்போன் வழியாகவோ பணம் போய்விட்டால் மட்டும் நம் சமூகத்தின் முதல் கேள்வியே வேறு.

‘நீங்க ஏன் சார் அதைத் தொட்டீங்க?’

கதவைத் தாழ்ப்பாள் போடாமல் தூங்கியவர் வீட்டில் புகுந்து எடுத்தாலும் திருட்டு திருட்டுதான். ‘ஏன் தூங்கினே?’ என்று கேட்டு எந்த போலீஸும் திருடனை விட்டுவிடுவதில்லை. இந்த ஒரு குற்றத்தில் மட்டும் திருடனைத் தேடுவதற்கு முன்னால் பறிகொடுத்தவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். வங்கி ஏற்றுகிறது. போலீஸ் ஏற்றுகிறது. பெற்ற பிள்ளைகளும் ஏற்றுகிறார்கள்.

திருமயத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவர் கற்பனை. அவருக்கு நடப்பது எதுவும் கற்பனை இல்லை.

மகன் சிங்கப்பூரில். மகள் சென்னையில். பேரனைப் பார்த்துப் பேச மகன் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒருநாள் காலையில் எதையோ படிக்கப் போய் எதையோ க்ளிக் செய்கிறார். திரை முழுக்கச் சிவப்பு. சைரன் மாதிரி சத்தம். ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்தான வைரஸ். அணைக்காதீர்கள். உடனே இந்த எண்ணை அழையுங்கள்.’ மூடிப் பார்க்கிறார். மூட மாட்டேன் என்கிறது. அழைக்கிறார்.

மறுமுனையில் மிக மரியாதையான குரல். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்கிறது. ஒரு சின்ன சாஃப்ட்வேரை இறக்கிக்கொள்ளச் சொல்கிறது. அதில் தெரியும் எண்களைப் படிக்கச் சொல்கிறது. படித்த மறுநிமிடம் மவுஸ் தானாக நகர ஆரம்பிக்கிறது. ‘பாருங்க சார், எவ்வளவு எரர்!’ என்று ஒரு பட்டியலைத் திறந்து காட்டுகிறான். அது விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் இருக்கிற ஒரு குறிப்பேடு. நல்ல நிலையில் ஓடுகிற கம்ப்யூட்டரில்கூட அதில் நாலு சிவப்பு அடையாளங்கள் இருக்கத்தான் செய்யும். ஆசிரியருக்கு அது எப்படித் தெரியும்?

‘சர்வீஸ் சார்ஜ் வெறும் பத்து ரூபாய்தான் சார். நெட் பேங்கிங்கில் கட்டிடுங்க. பாதுகாப்புக்குப் போனிலும் இந்த ஆப்பைப் போட்டுக்குங்க.’ பிறகு திரை கறுப்பாகிறது. ‘ஸ்கேன் ஓடுது, அரை மணி நேரம் எதையும் தொடாதீங்க.’ அந்த அரை மணி நேரத்தில் சேமிப்புக் கணக்கு காலி. ஃபிக்ஸட் டெபாசிட் உடைக்கப்படுகிறது. போதாததற்கு, அவர் கேட்காமலேயே வங்கி ‘முன்கூட்டியே அனுமதித்து’ வைத்திருந்த கடனையும் எடுத்தாகிவிட்டது.

இதே ஆசிரியர் மகள் கல்யாணத்துக்காக அதே டெபாசிட்டை உடைக்க நேரில் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, ‘எதுக்கு சார் இப்ப எடுக்கறீங்க, வட்டி போயிடுமே’ என்கிற உபதேசம், ஒரு டீ நேரம் காத்திருப்பு. திருடனுக்கு இது எதுவும் இல்லை. நேரில் வருகிற உரிமையாளரிடம் இருக்கும் சந்தேகத்தில் கால்வாசிகூட ராத்திரியும் பகலும் திறந்து கிடக்கிற ஆன்லைன் கதவுக்கு இல்லை.

திருமயம் கோட்டை 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. அந்தக் காலத்து எதிரி உள்ளே வரவேண்டுமென்றால் சுவரை உடைக்கப் பீரங்கி கொண்டுவர வேண்டும். இந்தக் காலத்து எதிரி, ‘ஐயா, உங்க கோட்டையில் விரிசல் விட்டிருக்கு, பூசிக்கொடுக்க வந்திருக்கேன்’ என்று கரண்டியும் சிமென்ட்டுமாக வாசலில் நிற்கிறான். அவனை உள்ளே விட்டவர், நம்புகிற மனிதர். அவ்வளவுதான்.

அவரை முட்டாள் என்று சிரிப்பவர்கள் எதிரணியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் வேலையில்லாப் பையன் என்று நினைக்காதீர்கள். அது ஒரு தொழிற்சாலை. மேஜை, ஹெட்ஃபோன், ஷிஃப்ட், சம்பளம், டார்கெட், இன்சென்டிவ் எல்லாம் உண்டு. எப்போது பயமுறுத்த வேண்டும், எப்போது ‘சார்’ போட வேண்டும் என்று எழுதி வைத்த வசனம் உண்டு. 2018-ல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த புகார்களின் பேரில் டெல்லியைச் சுற்றியுள்ள குர்கான், நொய்டா பகுதிகளில் இப்படிப்பட்ட கால் சென்டர்களில் போலீஸ் புகுந்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களும் அதில் அடக்கம். அமெரிக்கப் பாட்டிகளிடமும் பிரிட்டிஷ் தாத்தாக்களிடமும் பயிற்சி எடுத்த தொழில் அது. இப்போது உள்ளூர்ச் சந்தையிலும் கடை போட்டிருக்கிறது. ‘இன்றிரவு உங்கள் வீட்டு கரண்ட் கட் ஆகும்’, ‘உங்கள் கே.ஒய்.சி. காலாவதி ஆகிவிட்டது’ என்று வருகிற மெசேஜ்கள் எல்லாம் அதே சரக்கு. லேபிள்தான் வேறு.

ஒரு பக்கம், தினமும் நூறு பேரிடம் ஒத்திகை பார்த்த கூட்டம். மறுபக்கம், வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சிவப்புத் திரையைப் பார்க்கிற ஒரே ஒரு மனிதர். இதில் அவர் தோற்றால் முட்டாளா?

ஆனால், மறுநாள் வங்கிக் கிளையில் அவருக்குக் கிடைக்கிற தீர்ப்பு அதுதான். ‘சிஸ்டத்துல எல்லாம் கரெக்டா இருக்கு சார். பாஸ்வேர்டு சரி, ஓ.டி.பி. சரி. உங்க தப்புதான் சார்.’ போலீஸ் ஸ்டேஷனில், ‘புதுக்கோட்டை சைபர் கிரைமுக்குப் போங்க ஐயா.’ மருமகன் போனில், ‘என்ன மாமா, இவ்வளவு படிச்ச நீங்களே...’ அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

இந்த அவமானம்தான் திருடனுக்கு நாம் கொடுக்கிற போனஸ். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று அப்பாக்கள் மறைக்கிறார்கள். இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு மூன்றாம் நாள் சொல்கிறார்கள். அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டி, எங்கோ ஏ.டி.எம்.மில் நோட்டாக மாறியிருக்கும். போன பணத்தைப் பிடிப்பது மணிக்கணக்கில் நடக்கிற ஓட்டப்பந்தயம். நாம் பரிகாசம் செய்கிற ஒவ்வொரு நிமிடமும் அவனுக்கு லாபம்.

நிஜமாகவே இது ‘உங்க தப்பு’தானா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் மின்னணு முறையில் பணம் போனால் யார் பொறுப்பு என்பதற்கான விதிகள் அதில் இருந்தன. தப்பு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் பைசல் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்கிற பொறுப்பு வங்கியுடையது.

படிக்கும்போது எவ்வளவு இனிக்கிறது! கசப்பு ஒரே ஒரு வார்த்தையில் இருக்கிறது: ‘அலட்சியம்’. வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டது போன்ற அலட்சியத்தால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது எல்லாம் அவர் தலையில். இந்த ஒரு வாசகத்தை வைத்துக்கொண்டுதான் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்து ‘உங்க தப்பு’ வருகிறது.

நான் கேட்கிறேன், ‘பகிர்வது’ என்றால் என்ன? நம் ஆசிரியர் தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லவில்லை. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. திரைக்குள் ஒளிந்திருந்தவன் படித்துக்கொண்டான். மேலாளர் அறைக்குள் ஒருவன் ஒளிந்துகொண்டு பெட்டகத்தின் சாவியை எடுத்தால், மேலாளர் சாவியைப் ‘பகிர்ந்தார்’ என்று அந்த வங்கி ஒத்துக்கொள்ளுமா?

அடுத்து ஒன்று. அதே வாசகத்தின் இரண்டாவது பாதியை யாரும் உரக்கப் படிப்பதில்லை. புகார் கொடுத்த பிறகு போகிற பணம் முழுக்க வங்கியின் பொறுப்பு. அதனால்தான் புகார் கொடுத்த நேரம் தங்கத்தைவிட மதிப்பானது.

இது வெறும் காகித வாதம் இல்லை. அசாமில் ஒருவர் 2021 அக்டோபரில் ஆன்லைனில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். ‘கஸ்டமர் கேர்’ என்று ஒருவன் பேசினான். ஓர் ஆப்பை இறக்கச் சொன்னான். பாரத ஸ்டேட் வங்கிக் கணக்கிலிருந்து 94,204 ரூபாய் போனது. மனிதர் உட்கார்ந்து அழவில்லை. 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொன்னார். வங்கி வழக்கமான பாட்டைப் பாடியது: ஓ.டி.பி.யைக் கொடுத்தது நீதான். அவர் மறுத்தார். விடவும் இல்லை. கவுஹாத்தி உயர் நீதிமன்றம் வங்கிதான் பொறுப்பு என்றது. வங்கி உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஜனவரி 3 அன்று நீதிபதிகள் பார்திவாலா, மகாதேவன் அமர்வு அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்துவிட்டது. இவ்வளவு நவீனத் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருக்கும் வங்கி இதைத் தடுக்க வேண்டாமா என்பதே நீதிமன்றத்தின் பார்வை. வாடிக்கையாளர்களும் விழிப்போடு இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் சேர்த்தே சொன்னார்கள். நியாயம்தான். ஆனால், விழிப்பு தவறியவருக்கு ஆயுள்காலச் சேமிப்பை அபராதமாகப் போடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

தொண்ணூற்று நாலாயிரத்துக்காக ஒரு மனிதர் டெல்லி வரை வாதாட வேண்டியிருந்தது. திருமயம் ஆசிரியரால் முடியுமா? தேவகோட்டைப் பாட்டியால்? அறந்தாங்கி மளிகைக் கடைக்காரரால்?

வெளியே பாருங்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் ஏமாந்துபோய்த் தன் கையாலேயே அனுப்பிய பணமாக இருந்தாலும், 85 ஆயிரம் பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அதுவும் பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்குள். செலவில் பாதியைப் பணம் அனுப்பிய வங்கி ஏற்க வேண்டும். மறு பாதி, திருடன் கணக்கு வைத்திருந்த வங்கியுடையது. மிக மோசமான அலட்சியம் இருந்தால் மறுக்கலாம். ஆனால், அந்தப் பெயரைச் சொல்லி எல்லாரையும் விரட்ட முடியாது.

அந்த ‘மறு பாதி’தான் எனக்குப் பிடித்த விஷயம். போன பணம் காற்றில் கரைவதில்லை. ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு வங்கியில், ஏதோ ஒரு பெயரில் இருக்கிற கணக்குக்குத்தான் போகிறது. அந்தக் கணக்கை யார் திறந்து கொடுத்தது? உயிரோடு இருக்கிறேன் என்று வருஷா வருஷம் சான்றிதழ் கொடுத்தால்தான் நம் ஆசிரியருக்குப் பென்ஷன். ஆதார், பான், போட்டோ, கைரேகை எல்லாம் அவரிடம் கேட்கிறார்கள். ஒரே நாளில் பத்து ஊர்களிலிருந்து லட்ச லட்சமாக வந்து, வந்த வேகத்தில் வெளியே போகிற வாடகைக் கணக்கைப் பார்த்து மட்டும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லையா? இந்தக் கணக்குகளை மோப்பம் பிடிக்க ‘மியூல்ஹன்டர்’ என்ற சாஃப்ட்வேரை ரிசர்வ் வங்கியின் அமைப்பே உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். நல்லது. மோப்பம் பிடிக்கத் தவறிய வங்கிக்குப் பாதி நஷ்டத்தைப் போட்டுப் பாருங்கள். மூக்கு இன்னும் கூர்மையாகும்!

‘இப்படித் திருப்பிக் கொடுத்தால் ஜனங்கள் அசட்டையாகிவிடுவார்கள், பொய்ப் புகார் கொடுப்பார்கள்’ என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதற்காக யாராவது வேண்டுமென்றே லாரியில் மோதிக்கொள்கிறார்களா? பொய்ப் புகார்களை விசாரித்துத் தள்ளுங்கள். அதற்குத்தானே விசாரணை? பத்தில் ஒருவர் பொய் சொல்லக்கூடும் என்பதற்காக மீதி ஒன்பது பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை, சோம்பேறித்தனம்.

நம் அரசாங்கத்துக்குப் பிடித்த மருந்து அறிவுரை. 2024 கடைசியிலும் 2025-லும் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் சைபர் எச்சரிக்கைதான் காதில் விழுந்தது. ‘ஜாக்கிரதையாக இருங்கள்.’ சரி, இருக்கிறோம். நீங்கள்? 2024-ல் மட்டும் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் 2025 ஜூலையில் சொன்னது அரசாங்கம்தான். முந்தைய வருடம் 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! அதே பதிலில், 2021-ல் தொடங்கிய புகார் அமைப்பின் மூலம் அதுவரை காப்பாற்றிய மொத்தத் தொகை 5,489 கோடிக்கு மேல் என்றார்கள். நாலு வருடத்தில் தடுத்தது, ஒரே வருடத்தில் போனதில் கால் பங்குதான். அறிவுரை போதவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வழி இல்லாமலும் இல்லை. திரையை வேறு யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தானே மூடிக்கொள்கிற வங்கி ஆப்கள் இருக்கின்றன. சிலவற்றால் முடிவது எல்லாவற்றாலும் ஏன் முடியாது? அறுபது வயதுக்கு மேற்பட்டவரின் டெபாசிட்டை ஆன்லைனில் உடைத்தால் ஒருநாள் பொறுத்துத்தான் பணம் நகரும் என்று வைத்தால் யாருடைய குடி முழுகும்? கேட்காத கடனை ஒரே விரல் தட்டலில் கொடுக்கச் சொல்லி யார் அழுதார்கள்? போலி டெக் சப்போர்ட் விளம்பரங்கள் கட்டுமீறிப் போய்விட்டதாகக் கூகுளே 2018-ல் ஒப்புக்கொண்டு, அந்த வகை விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கடிவாளம் போட முடியும் என்று அர்த்தம். போடுகிற மனசுதான் வேண்டும்.

சரி, இதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். நாளைக்கே உங்கள் வீட்டில் நடந்துவிட்டால்?

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். ஒயரைப் பிடுங்குங்கள், மோடத்தை அணையுங்கள், போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அடுத்து, வேறு ஒருவரின் போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். எண்ணை இன்டர்நெட்டில் தேடாதீர்கள், அங்கேயும் அவன் உட்கார்ந்திருப்பான். ஏ.டி.எம். கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண் போதும். நெட் பேங்கிங், யு.பி.ஐ., கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். உடனே 1930. அது தேசிய சைபர் மோசடி உதவி எண். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள்.

பிறகு, வந்த போன் எண், மெசேஜ், போன தொகை, நேரம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். அதற்கப்புறம்தான் துடைக்கும் வேலை. அந்த ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது, அவன் வேறு எதை விதைத்துவிட்டுப் போனான் என்று தெரியாது. முக்கியமான போட்டோ, கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பாஸ்வேர்டுகளை வேறு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். முதலில் ஈமெயில், பிறகு வங்கி. எல்லாச் சாவிகளையும் மாற்றித் தருகிற கொல்லன் அந்த ஈமெயில்தான். உங்களுக்கு வரும் கடிதங்கள் வேறு முகவரிக்கும் போகும்படி அதில் ஏதாவது மாற்றி வைத்திருக்கிறானா என்றும் பாருங்கள்.

வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து, ‘போன பணத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க’ என்று ஒரு குரல் வரும். அது அதே கூட்டத்தின் இரண்டாவது ஷிஃப்ட்!

இன்னொரு வேலை பிள்ளைகளுக்கு. அப்பா போன் செய்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னால், முதல் வாக்கியம் ‘ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க’ என்று இருக்க வேண்டாம். ‘எத்தனை மணிக்குப்பா? 1930-க்குப் போட்டாச்சா?’ என்று இருக்கட்டும். திட்டுவதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது. பணத்தைப் பிடிக்கச் சில மணி நேரம்தான்.

தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்தது இந்தத் திருமயத்தில்தான். வெள்ளைக்கார அரசாங்கத்தை மத்திய சட்டசபையில் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடித்தவர். அந்த ஊர்க்காரரோ வேறெந்த ஊர்க்காரரோ, வங்கி கவுன்ட்டரில் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. ‘உங்க தப்புதான் சார்’ என்று எதிரே இருப்பவர் சொன்னால், மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள்.

என் புகாரை எத்தனை மணிக்குப் பதிவு செய்தீர்கள்? பணம் போன கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்கு எத்தனை மணிக்குத் தகவல் கொடுத்தீர்கள்? தப்பு என்னுடையது என்பதற்கு உங்கள் நிரூபணம் எங்கே?

மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.